நெடுவாசல் முதல் பிரஸ்ஸல்ஸ் வரை: மக்கள் அமைப்புகள் சொல்வதை அரசு கேட்டே ஆக வேண்டுமா?

2017 பிப்ரவரி 15. நாடு முழுவதும் 31 இடங்களில் எண்ணெய், எரிவாயு எடுக்க மத்திய அமைச்சரவையின் பொருளாதார விவகாரக் குழு ஒப்புதல் தந்தது. அந்தப் பட்டியலில் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தில் இருக்கும் நெடுவாசலும் இருந்தது. ஊர்க்காரர்கள் பலருக்கு விஷயம் தெரிந்ததே செய்தியைப் பார்த்துத்தான். மறுநாளே போராட்டம் தொடங்கிவிட்டது.

புதுக்கோட்டை என்றாலே வறண்ட மாவட்டம் என்று நினைப்பவர்கள் அதன் கிழக்குப் பகுதியைப் பார்த்திருக்க மாட்டார்கள். நெடுவாசல், வடகாடு, கீரமங்கலம் பக்கம் பலா, வாழை, தென்னை, பூ என்று ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பி ஒரு பசுமை இருக்கிறது. தரைக்கு அடியில் துளையிடப் போகிறார்கள் என்றால் அந்த ஊர்களின் முதல் கேள்வி, "எங்க தண்ணி என்ன ஆகும்?" என்பதாகத்தான் இருக்கும். அதைக் கேட்க அவர்களுக்கு முறையான இடம் எதுவும் அப்போது இல்லை. ஆலமரத்தடியும் போராட்டப் பந்தலும்தான் இருந்தன.

அரசு ஒரு கொள்கையை முடிவு செய்யும்போது விவசாயிகள் சங்கம், மீனவர் அமைப்பு, சுற்றுச்சூழல் குழு, தொழிற்சங்கம் போன்ற மக்கள் அமைப்புகளை எந்தக் கட்டத்தில் கேட்கிறது? அவர்கள் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறதா? ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கென்றே தனி அமைப்புகளும் ஒப்பந்தங்களும் இருக்கின்றன. இங்கே என்ன இருக்கிறது என்பதற்கு புதுக்கோட்டையை விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

நெடுவாசலில் நடந்தது என்ன?

முதல் கட்டப் போராட்டம் மார்ச் 9-ம் தேதி வரை நீடித்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூடு ஆறாத நேரம் என்பதால் மற்ற மாவட்டங்களில் இருந்தும் மாணவர்களும் இளைஞர்களும் வந்து சேர்ந்தார்கள். நல்லாண்டார்கொல்லை, வடகாடு என்று சுற்று வட்டாரத்திலும் பந்தல்கள் முளைத்தன. மக்கள் ஒப்புதல் இல்லாமல் திட்டம் வராது என்று மத்திய அமைச்சர்கள் தரப்பில் வாக்குறுதி வந்தது. அதை நம்பி போராட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆனால் மார்ச் 27-ம் தேதி டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நெடுவாசல் பகுதி ஜெம் லேபரட்டரீஸ் என்ற கர்நாடக நிறுவனத்துக்குப் போனது. வாய்மொழி உறுதிக்கு எவ்வளவு ஆயுள் என்பது அன்றைக்குத் தெரிந்தது. ஏப்ரல் 12-ம் தேதி ஊர் மீண்டும் பந்தலில் உட்கார்ந்தது, இந்த முறை பல மாதங்கள்.

இந்தப் பந்தல்களில் கோஷம் மட்டும் எழவில்லை. 1990-களில் தொடங்கி இந்தப் பகுதியில் ஓஎன்ஜிசி தோண்டிய பழைய கிணறுகளின் நிலை என்ன, நிலத்தைத் திருப்பித் தருவார்களா, நிலத்தடி நீருக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் மனுக்களாகவும் கிராம சபைத் தீர்மானங்களாகவும் மாறின. சூழல் அமைப்புகளும் ஓய்வு பெற்ற பொறியாளர்களும் வந்து விளக்கினார்கள். ஐரோப்பாவில் இதைத்தான் 'கொள்கை ஆலோசனை' என்கிறார்கள். அங்கே அது கூட்ட அரங்கில் நடக்கிறது, இங்கே வெயிலில் நடந்தது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லிவிட முடியாது. அதைப் பிறகு பார்க்கலாம்.

மாநில அரசு சுரங்கக் குத்தகையை மாற்றித் தராததால் நெடுவாசல் திட்டம் நகரவே இல்லை. ஆனால் அது ரத்தும் ஆகவில்லை. அதுதான் ஊரை உறுத்திக்கொண்டே இருந்தது.

போராட்டம் எப்போது சட்டமானது?

மூன்று ஆண்டுகள் கழித்து, நெடுவாசல் காரணமாக இல்லாமல் வேறொரு அறிவிப்பு காரணமாக அந்தத் திருப்பம் வந்தது. 2020 ஜனவரி 16-ம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று தேடும் ஆய்வுக் கிணறுகளுக்கு இனி மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்றது அந்தத் திருத்தம். டெல்டா முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. பத்து நாளில் வந்த குடியரசு தின கிராம சபைகளில் பல ஊர்கள் தீர்மானம் போட்டன. அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி திருத்தத்தை எதிர்த்து பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

பிப்ரவரி 9-ம் தேதி சேலம் மாவட்டம் தலைவாசலில், காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் ஆகும் என்று அவர் அறிவித்தார். பிப்ரவரி 20-ம் தேதி சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. பதினோரு நாளில் ஒரு சட்டம் வந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் அதன் பின்னால் நெடுவாசலின் மாதக்கணக்கான போராட்டம் இருக்கிறது. அதற்கும் முன்னால் மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு எதிரான நீண்ட பிரசாரம் இருக்கிறது. அந்தப் பிரசாரத்தில் இருந்தபோதுதான் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30-ம் தேதி பட்டுக்கோட்டை அருகே காலமானார். 2015-ல் மாநில அரசு, நிபுணர் குழு அறிக்கையின் அடிப்படையில் மீத்தேன் திட்டத்துக்குத் தடை போட்டது.

2020 சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும், கடலூரில் ஐந்து ஒன்றியங்களையும், புதுக்கோட்டையில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்களையும் பாதுகாக்கிறது. புதிய எண்ணெய், எரிவாயுத் துளைப்பு, மீத்தேன், ஷேல் கேஸ், தாமிர உருக்காலை, இரும்பு ஆலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல் போன்றவற்றுக்கு அங்கே இடமில்லை.

இந்தச் சட்டம் வெறும் காகிதம் இல்லை என்பது 2023-ல் தெரிந்தது. தஞ்சாவூர் மாவட்டம் வடசேரி, அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய இடங்களை மத்திய அரசு நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரல் 8-ம் தேதி மூன்றையும் நீக்கிவிட்டது. வேளாண் மண்டலச் சட்டம் கையில் இருந்ததால் தமிழ்நாட்டின் வாதத்துக்கு எடை கூடியது.

சரி, விட்டுப்போனது எது?

புதுக்கோட்டை மாவட்டத்தில் மொத்தம் 13 ஒன்றியங்கள். சட்டம் பாதுகாப்பது 5. மீதி 8 ஒன்றியங்கள் வெளியே. ஏற்கெனவே இயங்கும் கிணறுகளைச் சட்டம் தொடவில்லை. துறைமுகம், சாலை, குழாய்ப்பாதை போன்ற கட்டமைப்புத் திட்டங்களுக்கும் விலக்கு இருக்கிறது. தடைப் பட்டியலில் கல்குவாரி என்ற சொல்லே இல்லை. திருமயம், அன்னவாசல் பக்கத்துக்காரர்களைக் கேட்டால், 'எங்க பிரச்னையே அதுதானே' என்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. மண்டலத்தை நிர்வகிக்க முதலமைச்சர் தலைமையில் ஓர் அதிகார அமைப்பு, மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு என்று சட்டம் சொல்கிறது. விவசாயிகள் தரப்புக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் அவர்களைத் தேர்வு செய்வது அரசு. ஊர்ச் சங்கங்கள் தங்கள் ஆளைத் தாங்களே அனுப்ப முடியாது.

ஐரோப்பாவில் எப்படி?

பிரஸ்ஸல்ஸில் 'ஐரோப்பியப் பொருளாதார, சமூகக் குழு' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1957 ரோம் ஒப்பந்தத்திலேயே உருவாக்கப்பட்டது. 27 நாடுகளில் இருந்து 329 உறுப்பினர்கள். முதலாளிகள் ஒரு பிரிவு, தொழிலாளர்கள் ஒரு பிரிவு, விவசாயிகள், நுகர்வோர், சூழல் அமைப்புகள் உள்ளிட்ட மக்கள் அமைப்புகள் மூன்றாவது பிரிவு. சில துறைகளில் சட்ட வரைவு வந்தால் இந்தக் குழுவிடம் கருத்து கேட்டே ஆக வேண்டும். ஆனால் அந்தக் கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது. உறுப்பினர்களை அங்கேயும் அந்தந்த நாட்டு அரசுகள்தான் முன்மொழிகின்றன. ஆக, நாற்காலி கிடைப்பதில் நமக்கும் அவர்களுக்கும் ரொம்ப தூரம் இல்லை.

தூரம் இருப்பது வேறு இடத்தில். 1998-ல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. சுற்றுச்சூழல் விஷயத்தில் தகவல் பெறவும், முடிவில் பங்கேற்கவும், நீதிமன்றம் போகவும் மக்களுக்கு உரிமை உண்டு என்பதுதான் அதன் சாரம். எல்லா வாய்ப்புகளும் திறந்திருக்கும்போதே, அதாவது முடிவு எடுப்பதற்கு முன்பே மக்களைக் கேட்க வேண்டும் என்கிறது அது. மக்கள் சொன்னதைக் கணக்கில் எடுக்க வேண்டும், முடிவுக்கான காரணத்தையும் வெளியிட வேண்டும். ஐ.நா. உறுப்பு நாடு எது வேண்டுமானாலும் இதில் சேரலாம். ஆப்பிரிக்காவின் கினி-பிசாவ் 2023-ல் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை.

இன்னொரு வழி, கையெழுத்து. குறைந்தது ஏழு நாடுகளில் இருந்து 10 லட்சம் பேர் கையெழுத்திட்டால் ஐரோப்பிய ஆணையம் அதற்கு முறைப்படி பதில் சொல்ல வேண்டும். 2013-ல் 'தண்ணீர் உரிமை' என்ற கோரிக்கைக்கு 16 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. 2020 டிசம்பரில் திருத்தப்பட்ட குடிநீர்ச் சட்டத்தில் அதன் தாக்கம் தெரிந்தது. ஆனால் கேட்ட அளவுக்குக் கிடைக்கவில்லை என்று அமைப்புகள் குறைபட்டன. ஏழு ஆண்டுகள்! நெடுவாசலுக்கு மூன்று ஆண்டுகள்தான் ஆனது.

அங்கே எல்லாம் பாலும் தேனும் ஓடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய நிறுவனங்கள் தங்கள் பொருள் உற்பத்தியாகும் இடங்களில் மனித உரிமை, சூழல் பாதிப்பைக் கவனிக்க வேண்டும் என்ற சட்டம் 2024-ல் வந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியிலேயே அதைத் தளர்த்தும் 'ஓம்னிபஸ்' வரைவு வந்தது. தங்களைச் சரியாகக் கேட்காமல் அவசரமாகக் கொண்டுவந்தார்கள் என்று எட்டு அமைப்புகள் ஐரோப்பிய ஒன்றியக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுத்தன. 'கேட்காமல் செய்துவிட்டார்கள்' என்று புகார் கொடுக்க அவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது என்பதை இங்கே கவனிக்கலாம்.

இங்கே கருத்துக்கேட்புக் கூட்டம் எப்படி நடக்கிறது?

இந்தியாவில் அந்தக் கதவின் பெயர், 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. பெரிய திட்டம் வந்தால் மாசு கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து, தேசிய நாளிதழ் ஒன்றிலும் உள்ளூர் மொழி நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை ஏற்பார். கூட்டம் முழுக்க வீடியோ எடுக்கப்படும். யார் வேண்டுமானாலும் பேசலாம். நேரில் வர முடியாதவர்கள் எழுதியும் கொடுக்கலாம். இவ்வளவு பேர் வந்திருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் இல்லை. நாற்காலிகள் காலியாக இருந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு!

சிக்கல் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, நேரம். ஏலம் விட்டு, நிறுவனம் வந்து, வரைவு அறிக்கையும் தயாரான பிறகுதான் ஊரைக் கூப்பிடுகிறார்கள். நெடுவாசலிலும் இதே வரிசைதான்: ஒப்பந்தம் முதலில், கருத்து பிறகு. 'வேண்டுமா, வேண்டாமா' என்ற கேள்வி அதற்குள் தாண்டிப் போயிருக்கும். 'எப்படிச் செய்யலாம்' என்பது மட்டும் மிச்சம் இருக்கும்.

இரண்டாவது, பதில். கூட்டத்தில் எழுப்பிய கேள்விகளுக்கு இறுதி அறிக்கையில் பதில் எழுத வேண்டியது திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனம். அனுமதி தருபவர் நேரடியாக உங்களுக்குப் பதில் சொல்வதில்லை. 'கிணற்றுத் தண்ணீர் வற்றுமா?' என்று வடகாட்டு விவசாயி கேட்டால், 'வற்றாது' என்று நிறுவனம் எழுதிக் கொடுக்கலாம். நிபுணர் குழு அதைப் பரிசீலிக்கும். முழு வரைவு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், தமிழில் கிடைப்பது சுருக்கம். பலநூறு பக்கத்தை ஒரு மாதத்தில் படித்துப் புரிந்து கேள்வி தயாரிக்க ஊருக்கு ஆள் வேண்டும். மக்கள் அமைப்புகளின் வேலை அங்கேதான் வருகிறது. கோஷம் போடுவதை விட அறிக்கையைத் தமிழில் விளக்குவதுதான் பல ஊர்களில் அவர்கள் செய்த பெரிய உதவி.

மொழிப் பிரச்னை டெல்லி வரை போயிருக்கிறது. 2006 அறிவிக்கைக்குப் பதிலாக 2020-ல் ஒரு புதிய வரைவு வெளியானது. அதை 22 மொழிகளில் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. லட்சக்கணக்கான கருத்துகள் குவிந்தன. கொரோனா நேரத்தில், வீட்டில் இருந்தபடி மின்னஞ்சல் அனுப்பியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்கள் நிறைய. அந்த வரைவு இறுதி செய்யப்படவே இல்லை. அதே நேரம், திருத்தங்கள் துண்டு துண்டாக வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கிராம சபைத் தீர்மானத்துக்குச் சட்ட வலிமை உண்டா என்பது அடிக்கடி வரும் கேள்வி. ஒடிசாவின் நியம்கிரி மலையில் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்தபோது அது நின்றது உண்மை. ஆனால் 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாய்ப்பைத் தந்தது வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில், பழங்குடி மக்களின் உரிமைக்காக. புதுக்கோட்டை விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது. இங்கே தீர்மானம் ஓர் ஆலோசனை, அரசியல் அழுத்தம். கையில் இருந்தால் நீதிமன்றத்தில் காட்டலாம், அவ்வளவுதான்.

கேட்காமலே அனுமதி: ராமநாதபுரம்

2020 ஜனவரித் திருத்தம் இன்னும் அமலில் இருக்கிறது. அதன் விளைவு பக்கத்து மாவட்டத்தில் தெரிந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓஎன்ஜிசிக்கு 2025 மார்ச்சில் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி தந்தது. கருத்துக்கேட்புக் கூட்டம் இல்லை. விஷயம் வெளியே தெரிந்து எதிர்ப்பு வந்த பிறகு, ஆகஸ்டில், இத்திட்டத்தை அனுமதிக்க மாட்டோம் என்றது தமிழ்நாடு அரசு. ராமநாதபுரம் வேளாண் மண்டலத்துக்குள் இல்லை. மணமேல்குடி ஒன்றியத்தோடு பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. நிலத்தடி நீருக்கு மாவட்ட எல்லை தெரியாது என்பது வேறு விஷயம்.

புதுக்கோட்டைக்கும் இது புதிதல்ல. 2021 ஜூனில் மத்திய அரசு அறிவித்த ஏலத்தில் மாவட்டத்தின் வடதெரு பகுதி, 463 சதுர கிலோமீட்டர், இடம்பெற்றது. அதை நீக்கச் சொல்லி ஜூன் 13-ம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினார். அதே ஆண்டு, எண்ணெய், எரிவாயுத் திட்டங்களின் பாதிப்பை ஆராய மண்ணியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2022-ல் அது அறிக்கை கொடுத்தது. அதை வெளியிடுங்கள் என்று சூழல் அமைப்புகள் அதன் பிறகும் கேட்டுக்கொண்டிருந்தன. ஆலோசனை கேட்டாச்சு, அறிக்கையும் வந்தாச்சு, ஆனால் அதில் என்ன இருக்கிறது என்பது யாருடைய நிலத்தைப் பற்றிய அறிக்கையோ அவர்களிடம் போய்ச் சேரவில்லை.

மாநில அளவில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2022-ல் முதலமைச்சர் தலைமையில் அமைந்த காலநிலை மாற்றத்துக்கான நிர்வாகக் குழுவில் பொருளாதார அறிஞர் மாண்டேக் சிங் அலுவாலியா, தொழிலதிபர் நந்தன் நீலகேணி ஆகியோருடன், பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் ஜி.சுந்தர்ராஜனும் உறுப்பினரானார். சென்னையில் ஒரு நாற்காலி கிடைத்தது பெரிய விஷயம்தான். அது ஆலங்குடி வட்டத்துக்கு எப்படி வந்து சேரும் என்பதற்குத் தெளிவான வழி இல்லை.

ஆலோசனை சொல்பவருக்குப் பாதுகாப்பு?

இந்தக் கேள்வி புதுக்கோட்டையில் ரொம்பவும் கசப்பானது. 2025 ஜனவரி 17-ம் தேதி, திருமயம் பகுதியில் சட்டவிரோதக் கல்குவாரிகள் குறித்துத் தொடர்ந்து புகார் கொடுத்து வந்த முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர் ஜகபர் அலி, தொழுகை முடிந்து இருசக்கர வாகனத்தில் திரும்பும்போது லாரி மோதி இறந்தார். முதலில் விபத்து என்றார்கள். பிறகு கொலை வழக்காக மாறியது. குவாரித் தரப்பினர் உள்ளிட்டோர் கைதானார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது.

அவர் செய்ததும் ஒரு வகையில் அரசுக்கு ஆலோசனைதான்: எந்த இடத்தில், எவ்வளவு கல் விதியை மீறி எடுக்கப்படுகிறது என்று அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்தார். ஊடகங்களிடமும் பேசினார். புகார் கொடுத்தவர் யார் என்ற தகவல் புகாருக்கு உள்ளானவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்பது இந்த மாவட்டத்தில் மனு கொடுக்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி.

ஆர்ஹஸ் ஒப்பந்த நாடுகள் இதற்கென்றே ஒரு வழி செய்திருக்கின்றன. சுற்றுச்சூழலுக்காகக் குரல் கொடுப்பவர்கள் மிரட்டப்பட்டால் உடனடியாகத் தலையிட ஒரு சிறப்புப் பிரதிநிதியை 2022-ல் தேர்ந்தெடுத்தார்கள். மிஷெல் ஃபோர்ஸ்ட் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தப் பொறுப்புக்கு வந்தார். அவரால் யாரையும் கைது செய்ய முடியாது. ஆனால் அரசுக்கு நேரடியாக எழுதி விளக்கம் கேட்கலாம்.

இந்தியாவில், அனுமதி கிடைத்துவிட்ட ஒரு திட்டத்தை எதிர்க்க பசுமைத் தீர்ப்பாயத்துக்கு 30 நாளுக்குள் போகலாம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் அவகாசம் கிடைக்கும். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அதாவது, திட்டத்தை எதிர்க்க வழி இருக்கிறது. எதிர்ப்பவரைக் காக்கத் தனிச் சட்டம் இல்லை. அரசு ஊழியர்களின் ஊழலையும் அதிகார துஷ்பிரயோகத்தையும் அம்பலப்படுத்துபவர்களின் அடையாளத்தைக் காக்கும் சட்டம் ஒன்று 2014-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. அது நடைமுறைக்கு வரும் தேதியை மத்திய அரசு இன்னும் அறிவிக்கவில்லை.